இன்றைய வெள்ளியில் எவ்வளவு?

“அப்பெல்லாம் ஒரு நாளைக்கு ஐம்பது காசு சம்பளம் தம்பி, அதுலயே குடும்பம் நடந்துச்சு.” ஜாசினிலோ அலோர் காஜாவிலோ தே தாரே கடையில் இந்தப் பேச்சு அடிபடாத நாள் கிடையாது. எதிரே இருக்கும் பையன் சிரிப்பான். ஐம்பது காசுக்கு இப்போது என்ன வரும்?

ஆங்கிலத்தில் எழுதுகிற செய்தியாளர்களுக்கு இதில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. பழைய தொகையைச் சொன்ன கையோடு, இன்றைய பணத்தில் அது எவ்வளவு என்பதையும் சொல்லிவிடுவார்கள். நாமோ அன்றைய காசை இன்றைய காசுக்குப் பக்கத்தில் அப்படியே வைத்து வாயைப் பிளக்கிறோம்.

கணக்கு கடினமில்லை. சாதாரணக் குடும்பம் வாங்கும் அரிசி, மீன், வாடகை, பெட்ரோல் எல்லாவற்றையும் ஒரு பட்டியலாக்கி, அதன் விலை ஏறுவதைப் புள்ளிவிவரத் துறை மாதாமாதம் பார்க்கிறது. 2013 ஜனவரியில் தீபகற்ப மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளி. 2025 பிப்ரவரியில் 1,700. கூடியது 800 என்று தோன்றும். ஆனால் இடையில் விலைவாசி ஏறத்தாழ கால் பங்கு ஏறிவிட்டது; அன்றைய 900, 2025-இன் வெள்ளியில் 1,130 அளவில் வரும். ஆக, உண்மையில் கூடியது சுமார் 570தான். அதுவும் சின்னத் தொகையில்லை, 800 இல்லை என்பதுதான் விஷயம்.

ஐம்பது காசுக்கு வருவோம். இடையில் ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டு வந்து செல்லாக்காசாகிப் போனது, நாணயமும் மாறியது. அதனால் அங்கே விலைப் பட்டியலை நீட்டிப் பிடிப்பது சிரமம். ஆனால் அந்தக் காலத்திலும் ஒரு பட்டியல் இருந்தது. ரப்பர் தோட்டத்தில் நாளொன்றுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 என்ற கூலியே, ஒரு தொழிலாளிக்கு மாதம் எவ்வளவு அரிசி, பருப்பு, மிளகாய், துணி வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்ததுதான். 1930-இல் ரப்பர் விலை விழுந்ததும் அதை 40, 32 என்று வெட்டினார்கள். முதலாளிகள் தரப்பில் சொன்ன நியாயம்: அரிசி மலிந்துவிட்டதே, தொழிலாளிக்கு என்ன நஷ்டம்? விலையோடு ஒப்பிடும் அதே கணக்குதான், கத்தி திரும்பிவிட்டது. 1936 கடைசியில் இந்தியாவிலிருந்து வந்து பார்த்த சீனிவாச சாஸ்திரி, பழைய 50, 40-க்கே திரும்ப வேண்டும் என்று பரிந்துரைத்தார்.  

இந்த ஒப்பீட்டில் எப்போதும் விட்டுப்போகிற ஒன்று, வீடு. தோட்டத்தில் லயத்து வீட்டுக்கு வாடகை கிடையாது, ஆயாக் கொட்டகைக்குக் காசு கிடையாது. டவுனுக்கு வந்தவன் 1,700-இலிருந்து வாடகையை முதலில் கழிக்க வேண்டும். ஆனால் லயத்து வீடு சும்மா வந்ததும் அல்ல, வேலை போனால் வீடும் போகும். ஐம்பதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கத் தொடங்கியபோது, பல குடும்பங்கள் கூலியையும் கூரையையும் சேர்த்தே இழந்தன. 1960-இல் ம.இ.கா. தலைவர் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பால்மரம் வெட்டுகிறவர்களிடமே பங்குப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்கப் புறப்பட்டது அதனால்தான்.