ஆசிரியருக்கு மதிப்பெண் இடத் தயங்கும் மருத்துவ மாணவர்கள்

புதுதில்லி: நாட்டில் 2014-இல் 387 ஆக இருந்த மருத்துவக் கல்லூரிகளின் எண்ணிக்கை, அடுத்த பத்து ஆண்டுகளில் 700-ஐத் தாண்டியது. அதே வேகத்தில் ஆசிரியர்களின் எண்ணிக்கை உயரவில்லை. எனவே, பேராசிரியர்கள் பணிக்கு வருகிறார்களா என்பதைக் கண்காணிப்பதில் தேசிய மருத்துவ ஆணையம் தீவிரம் காட்டியது. ஆதார் அடிப்படையிலான விரல்ரேகைப் பதிவைத் தொடர்ந்து, 2025-இல் முகப்பதிவு முறையும் வந்தது. ஆனால், வந்தவர் எவ்வாறு கற்பிக்கிறார் என்பதை எந்தக் கருவியும் சொல்லாது.

அதைச் சொல்லக்கூடியவர்கள் மாணவர்களே. உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தரச்சான்று வழங்கும் 'நாக்' அமைப்பு, 2017-இல் மாணவர் கருத்தாய்வைத் தனது மதிப்பீட்டின் ஓர் அங்கமாக்கியது. பல மருத்துவக் கல்லூரிகளிலும் கருத்துப் படிவங்கள் வழங்கப்படுகின்றன. எனினும், அவை பெரும்பாலும் சடங்காகவே முடிந்துவிடுகின்றன என்பது மாணவர்களின் ஆதங்கம்.

அதற்குக் காரணம் அச்சம். உள்மதிப்பீட்டில் எழுத்து, செய்முறை இரண்டும் சேர்த்து 50 சதவீத மதிப்பெண் பெறாதவர் பல்கலைக்கழகத் தேர்வு எழுத இயலாது. அந்த மதிப்பெண்ணை இடுபவர்கள் அதே துறையின் ஆசிரியர்கள்தாம். வார்டுகளில் சிறு குழுக்களாகப் பயிலும் நிலையில், பெயர் எழுதாவிட்டாலும் எழுதியவர் யார் என்பது தெரிந்துவிடுமோ என்று மாணவர்கள் தயங்குகின்றனர்.

ஆசிரியர்கள் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. நோயாளியின் படுக்கையருகே நிறுத்திக் கேள்வி கேட்கும் கண்டிப்பானவரைவிட, தேர்வுக்கான குறிப்புகளைத் தருபவரே மாணவர்களிடம் நற்பெயர் பெறுவார் என்கின்றனர் அவர்கள். புறநோயாளிகள் கூட்டத்துக்கும் அறுவைச் சிகிச்சைகளுக்கும் இடையே வகுப்புக்கு நேரம் கிடைக்காதது யார் குற்றம் என்றும் கேட்கின்றனர். பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரைகள் எண்ணப்படுகின்றன. கற்பிக்கும் திறன் கணக்கில் வருவதில்லை.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. தேர்வு முடிவுகள் வெளியான பின்னர், துறை சாராத குழு ஒன்று படிவங்களைப் பெறலாம். அதன் முடிவை முதலில் ஆசிரியருக்கு மட்டும் தெரிவித்துத் திருத்திக்கொள்ள அவகாசம் தரலாம். சக பேராசிரியர்கள் வகுப்பில் அமர்ந்து கூறும் கருத்தையும் அதனுடன் சேர்க்கலாம்.

2019-இல் அறிமுகமான புதிய பாடத்திட்டம், மனப்பாடத்தைவிடச் செயல்திறனையே வலியுறுத்துகிறது. அத்திறன் முறையாகக் கற்பிக்கப்பட்டதா என்பதை இன்று மாணவர் அச்சமின்றிச் சொல்ல இயலாவிட்டால், நாளை அதன் விலையைக் கொடுக்கப்போவது நோயாளியே.