மண்ணைப் பற்றும் சக்கரம்: தோட்ட டிராக்டருக்கு ஏற்ற டயர் எது?

ஹைதராபாத்தைச் சுற்றியுள்ள செவெள்ளா, சங்கர்பள்ளி, ஷாமீர்பேட்டை, இப்ராஹிம்பட்டினம் ஆகிய பகுதிகளின் காய்கறி நிலங்களிலும் மாந்தோப்புகளிலும் பண்ணை வீட்டுத் தோட்டங்களிலும், பெரிய டிராக்டர் நுழைய முடியாத இடைவெளிகளில் வேலை செய்ய, 15 முதல் 30 ஹெச்.பி. வரையிலான சிறிய டிராக்டர்கள் பயன்படுகின்றன. நகருக்கு மேற்கே ஜஹீராபாத்தில் 2013இல் இயங்கத் தொடங்கிய மஹிந்திரா ஆலையில்தான், 2023இல் அறிமுகமான ‘ஓஜா’ வகைச் சிறு டிராக்டர்கள் தயாராகின்றன. இத்தகைய வண்டியை வாங்குவோர் இன்ஜினின் திறனையும் விலையையும் துருவித் துருவி விசாரிப்பதுண்டு. டயரை மட்டும் கம்பெனி கொடுத்தபடியே ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் இன்ஜின் உண்டாக்கும் விசை முழுவதும் டயர் மண்ணைத் தொடும் சிறு பரப்பின் வழியாகத்தான் கலப்பையின் இழுவையாக மாறுகிறது என்பதால், அந்தப் பரப்பில் நேரும் இழப்பை எவ்வளவு வலிமையான இன்ஜினாலும் ஈடுகட்ட முடிவதில்லை.

டயர் சுழலும்போது அதன் மேற்பரப்பில் எழுந்து நிற்கும் ரப்பர் பட்டைகள் மண்ணில் பதிந்து அதைப் பின்னோக்கித் தள்ளுகின்றன. மண் நெகிழாமல் எதிர்த்து நிற்கும் அளவுக்கு வண்டி முன்னோக்கி நகர்கிறது. இந்த எதிர்ப்பே பிடிப்பு எனப்படுகிறது. மண் சற்று நெகிழும்போது சக்கரம் சுழன்ற அளவுக்கு வண்டி நகர்வதில்லை. 100 மீட்டர் நகர்வதற்குரிய சுழற்சியில் வண்டி 90 மீட்டர் மட்டுமே சென்றால், எஞ்சிய 10 விழுக்காடு சறுக்கல் ஆகும். சறுக்கலே இல்லாத இழுவை கிடையாது. இறுகிய நிலத்தில் 8 முதல் 10 விழுக்காடும், உழுது பொலபொலத்த நிலத்தில் ஏறத்தாழ 15 விழுக்காடும் ஏற்கத்தக்கவை. அதற்கு மேல் போனால் டீசலும் ரப்பரும் வீணாகின்றன. மிகக் குறைந்தாலோ வண்டி தேவைக்கு மேல் கனமாக இருக்கிறது என்றும், அந்தக் கனம் மண்ணை இறுக்குகிறது என்றும் பொருள்.

மண்ணின் எதிர்ப்பு இரண்டு தன்மைகளிலிருந்து பிறக்கிறது. முதலாவது, களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் பசைத்தன்மை. இரண்டாவது, மணல் துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று உரசும் உராய்வு. பசைத்தன்மையால் கிடைக்கும் பிடிப்பு டயர் மண்ணைத் தொடும் பரப்பு விரிய விரிய வளர்கிறது. உராய்வால் கிடைக்கும் பிடிப்பு சக்கரத்தின் மேல் அழுத்தும் எடை கூடக் கூட வளர்கிறது. ஆகவே களி மிகுந்த நிலத்தில் அகன்ற தொடுபரப்பும், மணல் மிகுந்த நிலத்தில் போதிய எடையும் முதன்மை பெறுகின்றன. டயர் தேர்வின் அடிப்படை இவ்வளவுதான் எனினும், பட்டை எவ்வளவு ஆழமோ அவ்வளவு நல்லது என்ற பொதுவான எண்ணத்தில் இது மறைந்துபோகிறது.

ஹைதராபாத் வட்டாரத்தில் இந்த இரண்டு மண்ணும் அருகருகே கிடக்கின்றன. 1972இல் பட்டான்சேருவில் அமைக்கப்பட்ட இக்ரிசாட் எனும் பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகத்துக்குள்ளேயே, உள்ளூர் மக்கள் ‘சல்கா’ என்று அழைக்கும் செம்மண்ணும் ‘நல்ல ரேகடி’ என்று அழைக்கும் கரிசலும் இருக்கின்றன. செம்மண்ணில் மணலும் பருக்கைக் கற்களும் மிகுதி. மழை விட்டதும் நீர் விரைவில் வடிந்து, வண்டி இறங்கத் தக்க நிலைக்கு அது சீக்கிரமே வந்துவிடும். காய்ந்தாலோ மேற்பரப்பு ஓடுபோல் இறுகும். கரிசல், நீரை உறிஞ்சி உப்பும் களித்துகள்களால் ஆனது. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் அந்நிலம், தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் காலிலும் கலப்பையிலும் அப்பிக்கொள்ளும் பசையாகிவிடுகிறது.

டிராக்டர் டயர்களின் பட்டை அமைப்பு ‘ஆர்’ என்ற எழுத்தும் ஓர் எண்ணும் சேர்ந்த குறியீட்டால் உலகெங்கும் வகைப்படுத்தப்படுகிறது. ஆர்-1 என்பது உழவுக்கான பொது வகை. சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் ஏறத்தாழ 45 பாகை சாய்ந்து செல்லும் அதன் பட்டைகள், இடையில் சிக்கிய மண்ணைச் சுழலும்போதே வெளியே தள்ளிவிடுகின்றன. ஆர்-2 என்பது நெல், கரும்பு வயல்களின் சேற்றுக்கானது. அதன் பட்டைகள் ஆர்-1 பட்டைகளைப் போல ஏறத்தாழ இரு மடங்கு ஆழமுடையவை. ஆர்-3 என்பது புல்வெளிக்கானது. ஆழமற்ற, நெருக்கமான கட்டங்களால் ஆன அது புல்லின் வேரைக் கிழிப்பதில்லை, ஆயினும் ஈரக் களியில் கட்டங்கள் அடைபட்டு வழுவழுப்பாகிவிடும். ஆர்-4 என்பது மண் அள்ளும் வேலைகளுக்கான, பருத்த பட்டைகளும் தடித்த பக்கச் சுவரும் கொண்ட இடைப்பட்ட வகை. இரு சக்கர ஓட்டமுள்ள டிராக்டரின் முன் டயர் இழுவைக்கு உதவாமல் திசை திருப்புவதற்கு மட்டுமே பயன்படுவதால், அதில் சுற்றுவாக்கில் ஓடும் வரிகள் அமைந்திருக்கும்.

செம்மண் தோட்டத்துக்கு ஆர்-1 வகையே பெரும்பாலும் போதுமானது. அங்கே ஆழமான பட்டைகளுக்குச் செலவிடுவதைவிட, பின் சக்கரத்தில் தேவையான எடையைச் சேர்ப்பதே அதிகப் பயன் தரும். பருக்கைக் கற்களும் தார்ச்சாலை ஓட்டமும் ஆர்-2 டயரை விரைவில் தேய்த்துவிடுவதால், அதற்குக் கொடுத்த கூடுதல் விலை வீணாகும். கரிசலில், பட்டைகளுக்கிடையே அகன்ற இடைவெளி உள்ள, மண்ணை எளிதில் உதிர்க்கும் ஆர்-1 டயரைக் கம்பெனி அனுமதிக்கும் குறைந்த காற்றழுத்தத்தில் ஓட்டுவது சிறந்தது. ஆர்-2 டயர், ஏரிப் பாசனத்திலும் ஆழ்துளைக் கிணற்றுப் பாசனத்திலும் தொழி உழவு செய்யும் நெல் விவசாயிக்கே பொருந்துகிறது. அத்தகைய வயல்களில் கேஜ் வீல் எனப்படும் இரும்புக் கூண்டுச் சக்கரமும் பயன்படுகிறது. அதை மாட்டியபடியே சாலையில் ஓட்டினால் தார் பெயர்ந்து பொதுச் சொத்து சிதைவதால், வயலோரத்திலேயே அதைக் கழற்றிவிட வேண்டும்.

8.00-18 என்று டயரின் பக்கவாட்டில் குறித்திருந்தால், அகலம் 8 அங்குலம், டயர் பொருந்தும் ரிம்மின் விட்டம் 18 அங்குலம் என்று பொருள். அகலத்தைக் கூட்டுவதைவிட டயரின் மொத்த விட்டத்தைக் கூட்டுவது தொடுபரப்பை நீளவாக்கில் வளர்த்து, ஒரே நேரத்தில் மண்ணில் பதியும் பட்டைகளின் எண்ணிக்கையை உயர்த்துகிறது. எனினும் நான்கு சக்கர ஓட்டமுள்ள வண்டியில் முன், பின் சக்கரங்களின் சுற்றளவு விகிதம் கியர்களோடு கணக்கிட்டு அமைக்கப்பட்டிருப்பதால், ஒரு ஜோடியின் அளவை மட்டும் மாற்றுவது இரு அச்சுகளையும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்க வைத்து, பற்சக்கரங்களையும் டயரையும் தேய்த்துவிடும்.

காற்றழுத்தம் செலவில்லாத திருத்தம். டயர் மண்ணை அழுத்தும் அளவு, அதனுள் இருக்கும் காற்றின் அழுத்தத்தை ஏறத்தாழ ஒத்திருப்பதால், சாலையில் டிரெய்லர் இழுப்பதற்காக ஏற்றிய காற்றோடு வயலில் இறங்குவது தொடுபரப்பைச் சுருக்கி, மேல்மண்ணை இறுக்குகிறது. அதற்காகக் கம்பெனி குறித்த அளவுக்கும் கீழே காற்றை இறக்கினால் டயர் ரிம்மின் மேல் நழுவி, டியூபின் வால்வு அறுந்துபோகக்கூடும். எடை சேர்ப்பதற்கு வார்ப்பிரும்பு எடைகளும் டியூபுக்குள் நிரப்பும் நீரும் உதவுகின்றன. வால்வை மேலே நிறுத்திக்கொண்டு அது வரை நீர் நிரப்பினால் டயரின் கொள்ளளவில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிறையும். குளிர் நாடுகளில் நீர் உறையாதிருக்க உப்புக் கரைசல் சேர்ப்பார்கள்; தக்காணத்துக்கு அது தேவையில்லை.

புதிய டயர் தேவையா என்பதை அறியச் சறுக்கலை அளந்து பார்ப்பதே நேரான வழி. பின் டயரில் சுண்ணாம்பால் ஒரு குறியிட்டு, கலப்பையை மண்ணில் இறக்கி உழுதபடி, சக்கரம் 10 சுற்று சுற்றும் தூரத்தின் தொடக்கத்தையும் முடிவையும் நிலத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு கலப்பையைத் தூக்கிக்கொண்டு அதே தூரத்தைக் கடந்து சுற்றுகளை எண்ண வேண்டும். ஒன்பது சுற்று வந்தால் சறுக்கல் 10 விழுக்காடு. எட்டரை என்றால் 15. எட்டுக்கும் கீழே வந்தால் காற்றழுத்தம், எடை, பட்டைத் தேய்மானம் ஆகியவற்றை இதே வரிசையில் சரிபார்த்து, அதன் பின்னரே டயரை மாற்றுவது பற்றி முடிவெடுக்கலாம்.

ஆயினும் நனைந்த கரிசலில் எந்த டயரும் ஓரளவுக்கு மேல் உதவாது. மழைக்காலத்தில் வேலை செய்ய இயலாத காரணத்தால், இம்மண்ணைத் தரிசாகப் போட்டுவிட்டு, மழை ஓய்ந்தபின் விதைப்பதே இப்பகுதியின் பழைய வழக்கமாக இருந்தது. இதற்கு மாற்றாக இக்ரிசாட் அறிவியலாளர்கள், பருவமழைக்குச் சற்று முன்பே புழுதியில் விதைப்பதையும், ஏறத்தாழ 1 மீட்டர் அகலமான மேட்டுப் பாத்தியும் அரை மீட்டர் வாய்க்காலும் மாறி மாறி அமையும் முறையையும் பரிந்துரைத்தார்கள். வாய்க்கால் மிகை நீரை வடிப்பதோடு, மாடும் சக்கரமும் செல்லும் நிலையான தடமாகவும் அமைகிறது. தடத்தின் மண் மிதிபட்டு இறுகுவதால் அங்கே சக்கரத்துக்குப் பிடிப்பு கிடைக்கிறது, மிதிபடாத பாத்தியில் வேர் தடையின்றி இறங்குகிறது. தன் டிராக்டரின் சக்கர இடைவெளிக்கு ஏற்பப் பாத்தியின் அகலத்தை அமைத்துக்கொள்ளும் தோட்டக்காரர், எந்த டயரை வாங்கினாலும் அதன் முழுப் பயனையும் பெறுகிறார்.

டயர் மாற்றியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கத் தேதிக் குறியைப் படித்து (முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு) நெடுநாள் கிடங்கில் கிடந்த சரக்கைத் தவிர்க்க வேண்டும்; ஓர் அச்சின் இரண்டு டயர்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும்; வண்டியின் பின்னால் நின்று பார்க்கும்போது பட்டைகளின் கூர்முனை மேல்நோக்கி இருக்குமாறு மாட்டப்பட்டிருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும், ஏனெனில் தலைகீழாக மாட்டிய டயர் சேற்றை வெளியே தள்ளாமல் நடுவில் சேர்த்துக்கொள்ளும். கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை பற்றியதாக இருக்கத் தேவையில்லை. தன் நிலம் செம்மண்ணா கரிசலா, வண்டி எந்த ஈரத்தில் இறங்குகிறது, சாலையில் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்ற மூன்றையும் தெளிவாகச் சொல்லத் தெரிந்த விவசாயிக்கு, பொருத்தமான டயரைத் தேர்ந்தெடுப்பது கடினமான காரியமன்று.