பின்வரிசைக் கருவியும் பிள்ளைக் கையும்

இசைக்குழு ஒன்று மேடையேறும்போது நம் கண்கள் முதலில் பாடகரைத் தேடுகின்றன. அடுத்து வயலினையும் புல்லாங்குழலையும் தேடுகின்றன. பின்வரிசையில், முரசுகளின் அருகே, நீண்ட கழுத்தும் நான்கு தடித்த தந்திகளும் உடைய கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒருவர் நிற்பார். அவரைப் பார்ப்போர் சிலர். அவர் வாசிப்பதைத் தனியே பிரித்துக் கேட்போர் அதனினும் சிலர். ஆயினும் அவர் கையை எடுத்துவிட்டால், நடந்துகொண்டிருந்த பாடலின் காலடியில் தரை விலகியது போலாகிவிடும். அக்கருவியே பேஸ் கிதார்.

மெலிவு, சமன், வலிவு என ஒலியை மூன்று நிலைகளாகப் பகுத்தனர் நம் முன்னோர். பேஸ் கிதார் மெலிவுக்கு உரியது. மெலிவுக்கு உரியதேயன்றி, மெலிந்ததன்று! துணைக்கருவி என்றே பெயர் பெற்ற அது எவ்வாறு தனித்து நின்று ஒரு முழுப் பாடலை இசைக்கிறது என்பதையும், அதனைச் சின்னஞ்சிறு குழந்தைகளோடு எவ்வாறு பகிர்ந்துகொள்ளலாம் என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

இவ்விரண்டிற்கும் என்ன தொடர்பு என்று நண்பர்கள் கேட்கலாம். பேஸ் வாசிப்பவர் வீடு திரும்பினால் அங்கே குழு இல்லை, பாடகர் இல்லை, முரசும் இல்லை. எதிரே வந்து நிற்பது பெரும்பாலும் ஒரு குழந்தைதான். தனியே வாசிக்கக் கற்றவரிடமே அக்குழந்தைக்குக் கொடுக்க முழுமையான இசை இருக்கிறது. இதுவே தொடர்பு.

கருவியின் வரலாறு

முன்னாளில் இசைக்குழுக்களில் தாழ்ந்த சுரங்களை வாசித்தது, ஆள் உயரம் நிற்கும் டபுள் பேஸ் என்னும் பெருங்கருவி. அதற்கு மெட்டுகள் கிடையா. சுரத்தின் இடத்தைக் காதால் தேடியே விரல் வைக்க வேண்டும். தூக்கிச் செல்வதும் பெரும்பாடு. 1951ஆம் ஆண்டு அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தின் ஃபுல்லர்ட்டன் நகரில், லியோ ஃபெண்டர் ‘பிரெசிஷன் பேஸ்’ என்னும் மின்கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். வீணைக்கு இருப்பது போன்ற மெட்டுகளை அதன் கழுத்தில் பதித்ததால் சுரம் துல்லியமாகக் கிடைத்தது. துல்லியம் என்பதே அப்பெயரின் பொருள். 1930களிலேயே சியாட்டில் நகரில் பால் டட்மார்க் இவ்வகைக் கருவி ஒன்றைச் செய்திருந்தார் எனினும், உலகெங்கும் பரவியது ஃபெண்டரின் கருவியே.

அதன் தந்தியின் ஒலிக்கும் நீளம் 34 அங்குலம். நான்கு தந்திகளும் வினாடிக்கு ஏறத்தாழ 41, 55, 73, 98 அதிர்வுகள் தரும்படி கட்டப்படுகின்றன. மேலைநாட்டார் இவற்றை முறையே ஈ, ஏ, டி, ஜி என்பர்.

பேஸ் வாசிப்போர்க்கு நெடுங்காலம் புகழ் கிட்டவில்லை. 1960களில் டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் நிறுவனம் வெளியிட்ட புகழ்மிக்க பாடல்கள் பலவற்றுக்கு பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். பாடல்களை உலகம் அறிந்தது, அவரை அறியவில்லை. 1971இல் வெளிவந்த மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ இசைத்தட்டின் உறையில்தான் அவர் பெயருக்கு இடம் கிடைத்தது. நம் நாட்டிலும் 1980களின் இளையராஜா பாடல்களைக் கூர்ந்து கேட்போர், பாடகரின் குரலுக்கு அடியில் தனக்கென ஒரு வழி வகுத்து நடக்கும் பேஸ் கிதாரை அடையாளம் காணலாம். நாமோ குரலை மட்டும் முணுமுணுத்துவிட்டுப் போகிறோம்!

தனித்து நின்றோர்

இந்நிலையை மாற்றியவர்களுள் தலையாயவர் ஜாக்கோ பாஸ்டோரியஸ். 1976இல் வெளிவந்த அவருடைய முதல் இசைத்தட்டின் தொடக்கப் பாடலில் பேஸ் கிதாரும் கைமுரசும் மட்டுமே உண்டு. சாக்ஸபோன் வாசிப்போர்க்கே கடினமான பாடலை அவர் பேஸ் கிதாரில் வாசித்துக் காட்டினார். அதே தட்டில் ‘போர்ட்ரெய்ட் ஆஃப் டிரேசி’ என்னும் உருப்படி முழுவதும் பேஸ் கிதார் ஒன்றால் ஆனது.

லாரி கிரகாம் சென்ற வழி வேறு. இளமையில் தம் தாயாருடன் சேர்ந்து வாசித்து வந்தார் அவர். குழுவில் முரசு வாசிப்பவர் இல்லாமற்போகவே, கட்டைவிரலால் தந்தியைத் தட்டி முரசின் அடியையும், மற்றொரு விரலால் தந்தியைச் சுண்டி அதன் மறு அடியையும் உண்டாக்கினார். இன்று உலகெங்கும் பேஸ் வாசிப்போர் பயிலும் ‘ஸ்லாப்’ முறை, தாயும் மகனும் இல்லாத முரசுக்கு ஈடு தேடியதால் பிறந்ததே!

பின்னர் 1996இல் விக்டர் வூட்டன் ‘எ ஷோ ஆஃப் ஹேண்ட்ஸ்’ என்னும் இசைத்தொகுப்பை வெளியிட்டார். அதில் ஒலிக்கும் இசைக்கருவி பேஸ் கிதார் ஒன்றுதான். ஒன்றன்மேல் ஒன்றாகப் பலமுறை பதிவு செய்யும் உத்தியையும் அவர் கையாளவில்லை. இவரைப் பற்றிப் பின்னரும் பேசுவோம்.

ஒரு கருவி, இரு குரல்

தனித்து வாசிக்கும்போது பாட்டும் அதைத் தாங்கும் அடிச்சுரமும் ஒரே கருவியிலிருந்து வரவேண்டும். இதற்கு மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, திறந்த தந்தி. விரல் வைக்காமலே ஒலிக்கும் தந்தி, இடக்கையை விடுவிக்கிறது. ஆறு கட்டையைச் சுருதியாகக் கொண்டால், மிகத் தடித்த தந்தி ‘ப’ ஆகவும், அடுத்தது ‘ச’ ஆகவும் அமைந்துவிடும். தம்புராவுக்குரிய இரு சுரங்கள் வாய்த்துவிட்டன. வலக்கைக் கட்டைவிரல் தாளத்தின் முதலடியில் அவற்றை மீட்ட, மற்ற விரல்கள் மெல்லிய இரு தந்திகளில், 7ஆம் மெட்டுக்கு மேலே, பாட்டை வாசிக்கலாம்.

இரண்டாவது, சுரங்களுக்கிடையே இடைவெளி. தாழ்ந்த சுரங்கள் இரண்டை நெருக்கமாக ஒலித்தால் அவை கலங்கி உறுமும். அவற்றின் அதிர்வுகள் ஒன்றோடொன்று மோதுவதே காரணம். ஆகவே ச-வுடன் அதே ஸ்தாயியின் காந்தாரத்தைச் சேர்க்காமல், மேல் ஸ்தாயியின் காந்தாரத்தைச் சேர்க்க வேண்டும். இதன் விரல்வைப்பு மிக எளிது. மிகத் தடித்த தந்தியின் 3ஆம் மெட்டையும் மிக மெல்லிய தந்தியின் 4ஆம் மெட்டையும் ஒருங்கே ஒலித்தால் ச-வும் அந்தர காந்தாரமும் கிடைக்கும். இரண்டையும் 3ஆம் மெட்டிலேயே வைத்தால் காந்தாரம் சாதாரண காந்தாரமாகிவிடும். ஒரு மெட்டு நகர்ந்ததும் மகிழ்ச்சி ஏக்கமாக மாறுவதைக் கேட்டுணரலாம்.

மூன்றாவது, தந்தியின் மேற்சுரங்கள். இயற்பியல் பயிலும் நண்பர்கள் ஆய்வுக்கூடத்துச் சுரமானியை நினைவுகூர்க. தந்தியை அழுத்தாமல், சரிபாதியில் மெல்லத் தொட்டு மீட்டினால் அது இரு கூறாக அதிரும், அதிர்வெண் இரட்டிக்கும். பேஸ் கிதாரில் அப்பாதி 12ஆம் மெட்டின் நேர்மேலே இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு 7ஆம் மெட்டிலும், நான்கில் ஒரு பங்கு 5ஆம் மெட்டிலும் உள்ளன. ஆகவே 98 அதிர்வுகள் தரும் தந்தி, ஒரு தொடுகையில் 196, 294, 392 என உயர்ந்து பெண்குரலின் எல்லையைத் தொட்டுவிடுகிறது. ‘போர்ட்ரெய்ட் ஆஃப் டிரேசி’யின் மணியோசை இப்படிப் பிறந்ததே. ‘அமேசிங் கிரேஸ்’ என்னும் பழம்பாடலை வூட்டன் இவ்வொலிகளைக் கொண்டே வாசிப்பதுண்டு.

பயிலத் தொடங்குவோர் எல்லாரும் அறிந்த, மெதுவான பாடல் ஒன்றை எடுத்துக்கொள்வது நன்று. தாலாட்டு மிகவும் பொருந்தும். முதலில் பாட்டை மட்டும் வாசிக்க வேண்டும். பின்னர் தாளத்தின் முதலடியில் மட்டும் அடிச்சுரம் ஒன்றைச் சேர்க்க வேண்டும். தடித்த தந்தி நெடுநேரம் ஒலிக்கும் இயல்புடையதாதலால், எல்லா அடிகளையும் நிரப்ப வேண்டியதில்லை. வேண்டாத தந்தியை விரலால் அடக்குவதும் வாசிப்பில் பாதியே ஆகும்.

ஐந்தாம் தம்பிக்கு ஓரிடம்

இனி, குழந்தைகளிடம் வருவோம். விக்டர் வூட்டன் 1964இல் பிறந்தவர். ஐந்து சகோதரர்களுள் இளையவர். மூத்தவர் ரெஜி கிதார் வாசித்தார். மற்றவர்கள் முரசு, சாக்ஸபோன், கீபோர்டு வாசித்தனர். குழுவில் பேஸ் இடம் மட்டும் காலியாக இருந்தது. அவ்விடத்தை நடக்கப் பழகிய தம்பிக்கு ஒதுக்கினார் ரெஜி! முதலில் பொம்மைக் கிதார் ஒன்றைக் கையில் கொடுத்து, அண்ணன்மார் வாசிக்கும்போதெல்லாம் அருகே அமர்த்திக்கொண்டனர். சிறுவன் கை சற்று வளர்ந்ததும், தம் ஆறு தந்திக் கிதாரிலிருந்து இரண்டு தந்திகளைக் கழற்றிவிட்டு, நான்கு தந்திக் கருவியாக்கிக் கொடுத்தார் ரெஜி. ஆறு வயதளவில் அச்சிறுவன் அண்ணன்மாருடன் மேடையேறி வாசித்துக்கொண்டிருந்தான்.

இசையும் தாய்மொழி போன்றதே என்பது வூட்டனின் கொள்கை. பேசக் கற்கும் குழந்தையை, முதலில் இலக்கணம் முடித்துவிட்டு வா என்று நாம் அனுப்புவதில்லை. பிறந்த நாள்முதல் பேசத் தெரிந்தவர்களோடு அது பேசுகிறது. பிழையாகச் சொன்னால் நாமும் அப்பிழையையே திருப்பிச் சொல்லி மகிழ்கிறோம். மழலையைக் குழலோடும் யாழோடும் ஒப்பிட்ட வள்ளுவர் நாட்டில் இதனை விளக்க வேண்டுமா? ஜப்பானில் ஷினிச்சி சுசுகியும் இக்கருத்தையே கொண்டார். மூன்று நான்கு வயதுக் குழந்தைகளின் கையளவுக்கேற்ற சிறு வயலின்களைக் கொடுத்தார்; பெற்றோரையும் உடன் பயிலச் செய்தார். ஜெர்மனியில் கார்ல் ஓர்ஃப், கட்டைகளைக் கழற்றி மாட்டத்தக்க சைலபோன்களைக் குழந்தைகளுக்கு அளித்தார். பொருந்தாத சுரக்கட்டைகளை எடுத்துவிட்டால், குழந்தை எதைத் தட்டினாலும் பொருந்தும் அன்றோ?

மூவரும் செய்தது ஒன்றே. ரெஜி தந்தியைக் குறைத்தார். சுசுகி அளவைக் குறைத்தார். ஓர்ஃப் சுரத்தைக் குறைத்தார். எவரும் இசையைக் குறைக்கவில்லை.

மோகனத்தில் நான்கு தந்திகள்

பேஸ் கிதாரில் இவ்வாறு எதையும் கழற்ற வேண்டியதில்லை என்பது வியப்புக்குரியது. ஐந்து கட்டையைச் சுருதியாகக் கொள்வோம். அப்போது மெல்லிய தந்தி ‘ச’. அதற்கடுத்து ‘ப’, அடுத்து ‘ரி’, மிகத் தடித்தது ‘த’. நான்கும் மோகன ராகத்தின் சுரங்கள்! வீட்டில் ஒருவர் அச்சுருதியில் மோகனத்தில் அமைந்த பாடலைப் பாட, குழந்தை எந்தத் தந்தியைத் தொட்டாலும் அது ராகத்தைவிட்டு வெளியே போகாது. தவறே நிகழ முடியாத இடத்தில் குழந்தையின் கை தயங்காது.

இன்னொரு முறையும் உண்டு. 34 அங்குலக் கழுத்தில் குழந்தையின் இடக்கை எட்டாது; நான்கு கிலோ அளவுள்ள கருவியை அதனால் தூக்கவும் இயலாது. கருவியைப் பாயில் படுக்கவைத்து, பெரியவர் இடக்கையால் மெட்டுகளை அழுத்த, குழந்தை தன் விரலால் தந்தியை மீட்டலாம். அப்போது பாட்டின் சுரம் ஒருவருடையது, தாளம் மற்றவருடையது. குழந்தை நிறுத்தினால் பாட்டும் நிற்கும். தன்னை நம்பி ஒரு பாட்டு காத்திருக்கிறது என்பதை அக்குழந்தை உணரும் கணம், எந்தப் பாடநூலாலும் தர இயலாதது.

பேஸ் கிதார் எல்லார் வீட்டிலும் இராது என்பது உண்மையே. ஆர்மோனியம் இருக்கும் வீட்டில் கறுப்புக் கட்டைகளை மட்டும் தொடச் சொல்லுங்கள். நாலரைக் கட்டைச் சுருதியில் அவை ஐந்தும் மோகனமே.

அச்சமும் காவலும்

‘தொடாதே, உடைந்துவிடும்!’ என்பதே நம் வீடுகளில் குழந்தை இசைக்கருவியைப் பற்றிக் கேட்கும் முதற்சொல். இவ்வச்சம் காரணமற்றதன்று. வீணையின் மெட்டுகள் மெழுகில் பதிக்கப்பட்டவை. முரட்டுக் கை பட்டால் சுரம் கெடும். பேஸ் கிதாரோ கெட்டி மரம். அதன் தந்தியைக் குழந்தையின் விரல் அறுத்துவிடாது. முறுக்காணியைத் திருகிவிட்டால் சில நிமிடங்களில் மீண்டும் சுருதி சேர்த்துவிடலாம்.

எனினும் சில காவல்கள் தேவை. மின்பெருக்கியின் இணைப்புகளைப் பெரியவரே கையாள வேண்டும். நில இணைப்பு இல்லாத சுவர்ச் செருகியில் அதனை மாட்டலாகாது. ஒலியைத் தாழ்வாக வைக்க வேண்டும். பேசுவதற்குக் குரலை உயர்த்த நேர்ந்தால் அது பிஞ்சுச் செவிக்கு மிகுதி. பெருக்கி இல்லாமலே, கருவியின் மரத்தில் உள்ளங்கையை வைத்து அதிர்வை உணரச் செய்வது இன்னும் நன்று. மென்விரல் நோகுமாதலால் ஐந்து பத்து நிமிடங்கள் போதும். உட்கார்ந்தே வாசிப்பது, ஒருவர்பின் ஒருவராக வாசிப்பது, முடித்ததும் உறையில் வைப்பது ஆகிய மூன்று விதிகளைக் குழந்தையும் எளிதில் ஏற்கும். விரலைப் பிடித்துத் திருத்துவதை மட்டும் தவிர்க்க வேண்டும், கேட்டால் காட்டலாம்.

முடிவுரை

அலமாரியின் மேலே துணியால் மூடப்பட்டிருக்கும் கருவி பழுதின்றி இருக்கும். ஆனால் ஊமையாக இருக்கும். அதனை அண்ணாந்து பார்த்து வளரும் குழந்தை, இசை என்பது பிறருக்கு உரியது என்னும் பாடத்தை யாரும் சொல்லாமலே கற்றுவிடுகிறது. அப்பாடத்தை மறக்கச் செய்வது, ஓர் அறுந்த தந்தியை மாற்றுவதைவிடக் கடினம்.

நம்மில் பலர் நாளை ஆசிரியர்களாகப் போகிறோம், பெற்றோராகவும் போகிறோம். இன்றும் பலர் வீட்டில் தம்பி தங்கையர் உள்ளனர். பின்வரிசைக் கருவிக்குத் தனிக்குரல் உண்டு என்பதை உலகம் அறிய, அதனை முன்னே கொண்டுவந்து வாசிக்க ஒருவர் வேண்டியிருந்தது. வாசலில் நின்று எட்டிப்பார்க்கும் பிள்ளைக்கும் அப்படி ஒருவரே வேண்டும். திறமையைக் கண்டபின் இடம் கொடுப்பது உலக வழக்கம். இடத்தை முதலில் கொடுத்தார் ரெஜி. திறமை பின்னே வந்து சேர்ந்தது.