உங்களுக்குத் தெரியுமா? நரைத்த தலைக்கும் ஊழியம் உண்டு

வயதான காலத்தில் ஜெபம் மட்டும் போதும், உடம்பு எப்படியும் போகட்டும் என்று நினைக்கும் பெரியவர்கள் நம் வீடுகளில் உண்டு. உடம்பைப் பேணுவதும் விசுவாசத்தின் ஒரு பகுதிதான்.

● கோவிலில் அன்னாள்: குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய சிமியோனைக் கிழவராகவே ஓவியங்களில் பார்த்திருக்கிறோம். ஆனால் லூக்கா அவருடைய வயதைச் சொல்லவே இல்லை. வயது குறிக்கப்பட்டிருப்பது அதே வேளையில் அங்கே வந்த அன்னாளுக்கு மட்டும்: 84. அந்த வயதில் அவள் ஜெபித்ததோடு நிற்கவில்லை. மீட்புக்குக் காத்திருந்த எல்லாரிடமும் அந்தக் குழந்தையைப் பற்றிப் பேசினாள்.

● ஒருசந்திக்கும் வயது வரம்பு: கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி, சாம்பல் புதன், பெரிய வெள்ளி ஒருசந்திக் கடமை 18 வயதில் தொடங்குகிறது, 59 வயது நிறைந்ததும் முடிந்துவிடுகிறது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் பட்டினி கிடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம். பிடிவாதமாகப் பட்டினி கிடக்கும் அம்மாவிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். வேளைக்குச் சாப்பிட்டு, பசித்த ஒருவருக்கும் சோறு போடட்டும், அதுவும் தவம்தான்.

● ஜெபமாலையும் மூச்சும்: 2001-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் இத்தாலிய ஆய்வு வெளியானது. ஆரோக்கியமான 23 பேரை லத்தீன் மொழியில் ஜெபமாலை சொல்ல வைத்தார்கள். அவர்களுடைய மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 என்ற நிதானத்துக்கு வந்தது. இரத்த அழுத்தத்தைச் சீர்படுத்தும் உடலின் அனிச்சைச் செயலும் மேம்பட்டது. மந்திரம் சொன்னபோதும் இதே பலன் தெரிந்தது. ஆகவே அவசரப்படாமல், மூச்சு விட்டு விட்டுச் சொல்லுங்கள். பிரஷர் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

● ஆய்வுக்கு மூளையைத் தந்த சகோதரிகள்: அமெரிக்காவில் ஆய்வாளர் டேவிட் ஸ்னோடன் 1986-ல் தொடங்கிய முதுமை பற்றிய ஆய்வில், 75 வயதைத் தாண்டிய 678 அருட்சகோதரிகள் சேர்ந்தார்கள். ஆண்டுதோறும் நினைவாற்றல் சோதனைக்கு உட்பட்டார்கள். இறந்தபின் தங்கள் மூளையை ஆராயவும் சம்மதித்தார்கள். இளவயதில் அவர்கள் எழுதிவைத்த தன்வரலாறுகளையும் ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். அவற்றில் நன்றியும் மகிழ்ச்சியும் மிகுதியாக வெளிப்பட்ட சகோதரிகள் மற்றவர்களைவிடக் கூடுதல் காலம் வாழ்ந்திருந்தார்கள். முதுமைக்கான சேமிப்பு இளமையிலேயே தொடங்குகிறது.

● சனிக்கிழமை ஓய்வு: கலிஃபோர்னியாவின் லோமா லிண்டாவில் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையார் திரளாக வாழ்கிறார்கள். வெள்ளி மாலை சூரியன் மறைவதிலிருந்து சனி மாலை வரை வேலையை நிறுத்திவிட்டு ஆராதனை, குடும்பம், நடை என்று கழிப்பார்கள். புகை, மது கிடையாது, பலர் சைவம். கலிஃபோர்னிய அட்வென்டிஸ்டுகளில் ஆண்கள் அம்மாநிலத்தின் பிற வெள்ளையரைவிடச் சராசரியாக 7 ஆண்டுக்கு மேலும், பெண்கள் 4 ஆண்டுக்கு மேலும் கூடுதலாக வாழ்வதாக 2001-ல் ஓர் ஆய்வு காட்டியது. அந்தச் சபையைச் சேர்ந்த இதய அறுவை நிபுணர் எல்ஸ்வொர்த் வேர்ஹம் 95 வயது வரை அறுவை அரங்கில் உதவினார்; 2018-ல் 104 வயதில் மறைந்தார்.

● கொல்லிமலைப் பாட்டி: ஈவ்லின் பிராண்ட் கணவரோடு கொல்லிமலையில் ஊழியம் செய்தவர். 1929-ல் கணவர் காய்ச்சலில் இறந்தார். வயதாகிவிட்டது என்று மிஷன் ஓய்வு கொடுத்தபின், மீண்டும் மலைக்கே போனார். நடக்க முடியாத இடங்களுக்குக் குதிரையில் போய் மருந்து கொடுத்தார். குடிநீரைச் சுத்தமாக வைத்து நரம்புச் சிலந்தி நோயைத் தடுக்கக் கற்றுத்தந்தார். 95 வயதில் இறந்த 1974-ஆம் ஆண்டு வரை அந்த மக்களோடு இருந்தார். வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்த டாக்டர் பால் பிராண்ட் இவருடைய மகன்.

● படுக்கையும் ஊழியக் களம்தான்: டோனாவூரில் கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் 1931-ல் கீழே விழுந்து அடிபட்டார். அப்போது வயது 63. 1951-ல் இறக்கும் வரை பெரும்பாலும் அறையிலேயே இருந்தார். அங்கிருந்தபடியே புத்தகங்கள் எழுதினார். பிள்ளைகளுக்குக் கடிதங்கள் எழுதினார். அதே சமயம், ஒரே ஒரு வீழ்ச்சி எவ்வளவு தூரம் முடக்கும் என்பதற்கும் அவர் வாழ்க்கை சாட்சி. குளியலறையில் கைப்பிடி, இரவில் ஒரு சிறு விளக்கு, வழுக்காத செருப்பு: இவை மூன்றும் இன்றே செய்யக்கூடியவை.

● கட்டிலை விட்டுக்கொடுத்தவர்: 1839-ல் பிரான்ஸ் நாட்டில் ஜான் ஜுகன் என்ற ஏழைப் பெண், கண் தெரியாத ஒரு மூதாட்டியைத் தம் அறைக்குத் தூக்கி வந்து, சொந்தக் கட்டிலையே கொடுத்தார். ஏழை முதியோரைப் பராமரிக்கும் சகோதரிகள் சபை அதிலிருந்து பிறந்தது. 2009-ல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

● பூசுதலுக்குப் பயம் வேண்டாம்: நோயில் பூசுதலுக்குச் சாமியாரை அழைத்தால் முடிவு வந்துவிட்டது என்று பயப்படுகிறோம். கடைசி மூச்சு வரை காத்திருக்கத் தேவையில்லை. முதுமையால் தளர்ந்தவர்கள் பெறலாம், பெரிய அறுவைக்கு முன்னும் பெறலாம். நோய் திரும்பினால் மீண்டும் பெறலாம். நினைவு தெளிவாக இருக்கும்போதே அழைத்தால், பெரியவர் தாமும் சேர்ந்து ஜெபிக்க முடியும்.

● ஜூலை நான்காம் ஞாயிறு: தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்கும் உரிய உலக நாளாக இதை 2021-ல் போப் பிரான்சிஸ் ஏற்படுத்தினார். சால்வை போர்த்தி அன்றோடு விட்டுவிடாமல், ஆலயத்துக்கு வர இயலாத ஒருவருக்கு வாராவாரம் ஆட்டோ ஏற்பாடு செய்யுங்கள். மருத்துவமனைக்குத் துணைக்குப் போங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பொறுப்பைக் கொடுங்கள்: ஞாயிறு பள்ளிக்குக் கதை சொல்வதோ, நோயாளிகளின் பெயர்களை எழுதிவைத்து ஜெபிப்பதோ எதுவானாலும் சரி. தன்னை எதிர்பார்த்து நாலு பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்தவர் காலையில் எழுந்து நடப்பார், நேரத்துக்குச் சாப்பிடுவார், மாத்திரையை மறக்கமாட்டார்.