ஒகேனக்கல் போகிறவர்களுக்கு எந்த நாற்காலி?

நமது பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் ஏறக்குறைய 16 கிலோமீட்டர். தருமபுரிப் பக்கமிருந்து வரும் வேன்களும் கார்களும் நம் ஊரைத் தாண்டித்தான் போகின்றன. ஆடிப் பெருக்குக்கும் கோடை விடுமுறைக்கும் வருகிறவர்கள் மீன் மசாலாவும் எண்ணெயும் வாங்குவது பழைய கதை. இப்போது, "உட்கார ஏதாவது இருக்கிறதா?" என்றும் கேட்கிறார்கள். மளிகைக் கடை வாசலிலும் மடக்கு ஸ்டூலும் மடக்கு நாற்காலியும் தொங்க ஆரம்பித்துவிட்டன. ஆனால் பருப்பு, புளி போல எடை போட்டுக் கொடுத்துவிடும் சரக்கல்ல இது. உட்கார்ந்தவர் விழுந்தால் இடுப்பு எலும்பு முறியும். வயதானவர்கள் அதிலிருந்து எழுந்து நடமாடுவது பெரும்பாடு.

எங்கே போட்டு உட்காரப் போகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். ஒகேனக்கல் பாறை மேடு பள்ளமானது. நான்கு கால் நாற்காலியைப் போட்டால் ஒரு கால் அந்தரத்தில் நிற்கும், ஆடும். மூன்று கால் எந்தத் தரையிலும் ஆடாது. முக்காலி என்று நம் முன்னோர் செய்து வைத்தது சும்மா அல்ல. ஆனால் பக்கவாட்டில் சாய்ந்தால் முக்காலி கவிழும், ஆகவே அது இளவட்டங்களுக்கு மட்டும். வெள்ளைக்காரர் காலத்து ராணுவ அதிகாரிகள் கூடாரத்துக்குக் கொண்டுபோன ரூர்க்கி நாற்காலி இதற்கு வேறு வழி கண்டது. வட இந்தியாவின் ரூர்க்கி நகரத்தின் பெயரைப் பெற்ற அதன் கால் மூட்டுகளில் ஆணியோ திருகோ கிடையாது. மூட்டுகள் சற்றுத் தளர்வாக இருப்பதால், ஆள் உட்கார்ந்ததும் நான்கு கால்களும் தரைக்கேற்ப அமர்ந்து இறுகிக்கொள்ளும். இன்று கடைக்கு வரும் மலிவுச் சரக்கில் அந்த வசதி இல்லை. கால் நுனியில் கெட்டியான ரப்பர் புஷ் இருக்கிறதா என்றாவது பாருங்கள். இரும்புக் குழாய் வெறுமனே பாறையில் பட்டால் வழுக்கும். மணலில் குச்சிக் கால்கள் புதையும். அங்கே இரண்டு கால்களை அடியில் குறுக்குக் கம்பி சேர்க்கும் வகைதான் நிற்கும்.

அடுத்தது, உட்காரப் போவது யார்? தரையை ஒட்டிய தாழ்வான நாற்காலி பார்க்க அழகு. மூட்டுவலிக்காரர் அதில் உட்கார்ந்துவிடுவார், எழுந்திருக்கத்தான் இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு 16 முதல் 18 அங்குல உயரமும் கைப்பிடியும் தேவை. தொட்டில் போலத் தொங்கும் துணியும் அவர்களுக்கு ஆகாது. குடும்பத்தோடு சாப்பிடுகிறவர்களுக்குக் கோரைப் பாய்க்கு மிஞ்சியது எதுவும் இல்லை. விலையும் குறைவு, விழுவதற்கும் வழியில்லை. அதில் லாபம் கம்மி என்று சொல்லாமல் விடாதீர்கள்.

சரக்கு எடுக்கும்போது வகைக்கு ஒன்றை மட்டும் வாங்கிச் சோதியுங்கள். 26 கிலோ அரிசிச் சிப்பம் நான்கை ஏற்றினால் 104 கிலோ. (அந்த 26 கிலோ ஏன் வந்தது என்று 2022 ஜூலைக்குப் பிறகு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.) ஆனால் மூட்டை மெதுவாக இறங்கும், மனிதன் தொப்பென்று உட்காருவான். ஆகவே சிப்பம் தாங்கியது போதாது, நீங்களே ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். குழாயைவிட முதலில் போவது ரிவெட்டும் துணித் தையலும்தான்.

என்னிடம் சரக்கு எடுக்கும் ஒரு கடைக்காரருக்குத் தையல் பிரிந்த ஸ்டூல் ஒன்று திரும்பி வந்தது. அதை அவர் வேறிடத்தில் வாங்கியிருந்தார். அட்டையில் கம்பெனி பெயரே இல்லை. யாரிடம் போய்க் கேட்பது? 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி, தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை எல்லாம் அட்டையில் இருந்தாக வேண்டும். இல்லாத சரக்கை விற்றால் சோதனைக்கு வரும்போது மாட்டுவது நாம்தான்.

பிளாஸ்டிக் ஸ்டூலை விளம்பரத்துக்காக மாதக்கணக்கில் வாசல் வெயிலில் வைக்காதீர்கள். வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மை அடையும். மேலே வெள்ளைப் பொடி கையில் ஒட்டினால் அது விற்பனைக்கு உதவாது. மாதிரிக்கு ஒன்று வெளியே இருக்கட்டும், மீதி குடோனில் இருக்கட்டும். ஆடிக்கு வேண்டிய சரக்கை ஆனி முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டால், சோதித்துப் பார்க்கவும் பிடிக்காததைத் திருப்பவும் நாள் இருக்கும்.