மீந்த மீனும் கேழ்வரகுக் களியும்

தருமபுரி ஜில்லாவுக்குக் கடற்கரை இல்லை. ஆயினும் மீனுக்குக் குறைவில்லை. ஒகேனக்கலில் பிடிபடும் காவிரி மீனும், 1934-ம் வருஷத்தில் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் மீனும் இங்குள்ள சந்தைகளுக்கு வருகின்றன. இவையன்றி, கோடையில் ஏரி வற்றுந் தறுவாயில் குத்தகைதாரர் வலை வீசும் நாளில், கிராமத்தில் மீன் மலிந்துவிடும். அன்று வேண்டியதற்கு இருமடங்கு வாங்கிச் சமைத்து, மீந்ததை மறுநாள் குப்பையில் கொட்டும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. இது அற்ப நஷ்டமன்று. நல்ல ஆகாரத்தின் விரயமாகும்.

இந்த ஜில்லாவின் பழைய உணவு கேழ்வரகுக் களி. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. ஆனால் 100 கிராம் மாவில் புரதம் சுமார் 7 கிராமே உண்டு. அப்புரதத்திலும் லைசின் என்னும் அம்சம் குறைவு. மீனிலோ 100 கிராமுக்குச் சுமார் 18 கிராம் புரதமும், அதில் லைசின் ஏராளமாகவும் உள்ளன. ஆகையால் களியும் மீனும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கிறது. வளரும் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது மிகவும் ஏற்றது.

மீந்த மீனை உபயோகிப்பதில் முதலாவது கவனிக்க வேண்டியது காலம். வெயிற்காலத்தில் சமைத்த மீனை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைத்திருத்தல் தகாது. குளிர்ப்பெட்டி உள்ளவர்கள் அதற்குள் மூடி வைத்து, மறுநாளே செலவிட வேண்டும். அஃது இல்லாதவர்கள், உண்டு முடித்தவுடன் மீந்ததைப் பின்வரும் விதமாகப் புட்டாக்கி, தாமதமின்றி உண்பதே நலம். புளி சேர்ந்த குழம்பு சற்றுத் தாங்கும் என்பது மெய்யே. ஆயினும் அது கெடாது என்று எண்ணலாகாது. நாற்றம் மாறிய மீனை மறுபடி கொதிக்க வைத்தாலும் அதில் உண்டான நஞ்சு சில சமயங்களில் நீங்குவதில்லை. அதை எறிந்துவிட வேண்டும். புளிக் குழம்பைப் பித்தளைப் பாத்திரத்தில் வைத்தால் களிம்பேறும், மண்சட்டியே உசிதம்.

செய்முறை: குழம்பிலோ வறுவலிலோ மீந்த மீன் 250 கிராம் எடுத்து, தோலையும் முள்ளையும் நீக்கிக் கையால் உதிர்த்துக்கொள்க. கெண்டை வகைகளில் தசைக்குள்ளேயே நுண்முட்கள் இருப்பதால், குழந்தைகளுக்குக் கொடுக்குமுன் இருமுறை தடவிப் பார்ப்பது அவசியம். விரால் மீனில் இத்தொல்லை குறைவு. வாணலியில் இரண்டு தேக்கரண்டி கடலை எண்ணெயைக் காய்ச்சி, கடுகு, கறிவேப்பிலை தாளித்து, நறுக்கிய சின்ன வெங்காயம் 15, பச்சை மிளகாய் 3, பூண்டு 6 பல், சிறிது இஞ்சி ஆகியவற்றை வதக்குக. வெங்காயம் சிவந்தபின் மஞ்சள் தூளும் உதிர்த்த மீனும் சேர்த்து, அடி பிடிக்காமல் கிளறி, ஆவி பறக்க நன்றாகச் சூடாகும் வரை அடுப்பில் வைக்கவும். மீனில் முன்பே உப்பு இருப்பதால் ருசி பார்த்த பின்னரே உப்பிடுக. இறக்கியதும் எலுமிச்சம் பழம் பிழிந்தால் ஏரி மீனுக்கு இயல்பான சேற்று வாடை பெரிதும் அடங்கும். இது நால்வருக்குக் களியுடன் தொடுகறியாகப் போதுமானது.

கிராம அதிகாரிகளும் இவ்விஷயத்தில் உதவக்கூடும். ஏரியில் மீன் பிடிக்கும் நாளை முன்னதாகவே ஊருக்குத் தெரிவித்தால், குடும்பத்தார் தேவையறிந்து வாங்குவர். பிடித்த மீனை ஏரிக்கரையில் வெயிலில் குவித்து வைக்காமல், நிழலில் ஈரச் சாக்கால் மூடி, விரைவில் விற்கும்படி குத்தகைதாரருக்குச் சொல்வதும் நன்று. கரையிலேயே கெடத் தொடங்கிய மீனை எந்தச் சமையலும் திருத்தாது; புதிதாக வீடு சேர்ந்த மீனோ ஒரு வேளைக்குப் பதில் இரு வேளை உதவும்.