எருதின் கழுத்துப் புண்

நுகத்தை வைக்குமுன் எருதின் கழுத்தைக் கையால் தடவிப் பார்ப்பது பழைய உழவரின் வழக்கம். உராய்ந்து தோல் உரிந்த இடத்தில் ஈ மொய்க்கும். அது இட்ட முட்டை ஒரு நாளிலேயே புழுவாகும். பின்னர் அவ்வெருது அந்தப் போகத்துக்கு உதவாது. ஆகவேதான் மஞ்சளை அரைத்து, வேப்பெண்ணெயிற் குழைத்துப் பூசினர். மாட்டுவாகடம் என்னும் பெயரால் ஏட்டிலும் அச்சிலும் வழங்கிய நூல்கள் இத்தகைய கைமருந்துகளையே பேசுவன.

இதனைப் பாட்டி வைத்தியம் என்று தள்ளுவாரும் உளர். முன்னோர் சொன்னதெல்லாம் மெய்யெனக் கொள்வாரும் உளர். சோதித்துப் பார்க்கும் சிரமத்தைத் தவிர்த்துக்கொண்டதில் இரு சாராரும் ஒன்றே.

சோதித்தவர் கூறுவதென்ன? மஞ்சளுக்கு நிறந்தரும் குர்க்குமின், எலிகளிலும் கினிப்பன்றிகளிலும் புண் மூடுவதை விரைவுபடுத்தியதென 1998இல் வெளியான ஆய்வு காட்டிற்று. இப்பொருள் நீரில் ஏறக்குறையக் கரைவதேயில்லை. எண்ணெயில் அதனினும் நன்கு கரையும். எண்ணெயிற் குழைத்த கை, காரணம் அறியாமலே தக்கதைச் செய்திருக்கிறது.

வல்லாரையின் கதை இன்னும் சுவையானது. நாம் சம்பலாக உண்ணும் அதே இலைதான். அதிலுள்ள ஏசியாற்றிக்கோசைட்டு என்னும் பொருள் 1941இல் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் 0.2 சதவீதக் கரைசலைக் கினிப்பன்றிகளின் புண்ணில் இட்டு இந்தியாவில் நிகழ்த்திய ஆய்வு 1999இல் வெளியாயிற்று. மருந்திடாத புண்களோடு ஒப்பிடுகையில், ஆறிய தோலின் இழுவலிமை 57 சதவீதமும், ஐதரொட்சிப்புரோலின் 56 சதவீதமும் கூடியிருந்தன. பின்னது, தோலுக்கு உறுதிதரும் கொலாசன் என்னும் புரதம் எவ்வளவு உருவாயிற்று என்பதை அறிவிக்கும் அளவுகோல். புண் வெறுமனே மூடிற்று என்பதன்று. மூடிய தோல் இழுப்பைத் தாங்கிற்று. கழுத்தால் இழுத்துப் பிழைக்கும் பிராணிக்கு வேண்டியதும் அதுவேயல்லவா?

எனினும், கினிப்பன்றியின் புண் ஆய்வாளர் தம் கருவியால் அளந்து செய்த துப்புரவான புண். அதன்மேல் மண்ணும் சாணமும் படுவதில்லை. எலியினத்தின் தளர்ந்த தோலோ பெரும்பாலும் சுருங்கியே காயத்தை மூடிக்கொள்ளும். அன்றியும், சோதனையில் இட்டது அளந்த பொருள். பறித்த இலையில் அது எவ்வளவு உண்டென்பது மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறும். ஆழமான காயத்தையும் புழு வைத்த காயத்தையும் இலையை நம்பி விட்டுவிடாது மிருகவைத்தியரிடம் காட்டுவதே முறை.

உழவு இயந்திரம் பெரும்பாலான எருதுகளை விடுவித்துவிட்டது. யாழ்ப்பாணத்து வண்டிச் சவாரி மாடுகளின் கழுத்து இன்னும் நுகத்தடியில்தான் இருக்கிறது. மூன்றாம் நாளே அவற்றை மறுபடி பூட்டினால், மஞ்சளோ வல்லாரையோ வளர்த்த மெல்லிய தோல் முதல் ஓட்டத்திலேயே உரிந்துவிடும்.